ஏழு நிமிடம், நாற்பத்து மூன்று சிலைட்

கூட்டத்துக்கு முந்தின இரவு
வெள்ளவத்தை அறையில், மின்விசிறிக்கு
ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன்.
இருபத்தேழாவதில் எனக்கே கொட்டாவி வந்தது.

அப்போதுதான் நிரோமியின் குறுஞ்செய்தி:
ஆளுக்கு ஏழு நிமிடமாம்.
டிரெக்டர் மணியோடு இருப்பாராம்.

வெட்டத் தொடங்கினேன்.
முதலில் போனது நன்றி சொல்லும் ரோஜாப்பூ.
பிறகு பொருளடக்கம்;
ஏழு நிமிடத்துக்குள் யார் வழி தவறப் போகிறார்கள்?
பறந்து வந்து விழும் எழுத்துகளைத் தரையிறக்கினேன்.
ஒன்பது நிறத்தில் வெட்டிய கேக் மாதிரி
ஒரு வட்டப்படம்.
செய்ய இரண்டு நாள் எடுத்தது என்பதற்காகவே
அரை மணித்தியாலம் வைத்திருந்தேன்.
அதுவும் போனது.

குழாய் வரைபடம் மட்டும் போகமாட்டேன் என்றது.
முகத்துவாரம் வரை நீளும் நீலக் கோடுகள்,
கசிவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.
கட்டில் ஓரத்துக்குப் போய்த் தூர நின்று பார்த்தேன்.
அம்மை போட்ட உடம்பு.
கீழே எழுதியிருந்த எட்டு வரியையும் அழித்தேன்.

ரீத்தம்மாவின் படமும் இருந்தது, கை மட்டும்.
‘மூஞ்சி வேணாம் புள்ள, நைட்டியோட நிக்கிறேன்’
என்று அன்றைக்கே சொல்லிவிட்டா.
விடிய ஐந்தரைக்கு, ஃபோனில் நேரம் ஓட,
அவவோடு அந்தக் குழாயடியில் நின்றிருக்கிறேன்.

இரவு இரண்டு மணிக்கு மிஞ்சியது நாலு.

காலையில் நூறாம் இலக்க பஸ்ஸில்
கம்பியைப் பிடித்தபடி, உதடு மட்டும் அசைய, ஒத்திகை.
செபம் சொல்கிறேன் என்று நினைத்தாரோ,
ஒரு ஐயா எழும்பி இடம் தந்தார்.

மண்டபத்தில் குளிர். பற்றீஸ் வாசம்.
எனக்கு முன்னால் பேசியவர்
திரையைப் பார்த்தே எல்லாவற்றையும் வாசித்தார்.
அவருடைய முதுகை எங்களுக்கு நன்றாகத் தெரியும் இப்போது,
கோட்டில் தொங்கிய நூல் உட்பட.

என் முறை.
அந்தக் கணினியில் என் எழுத்துரு இல்லை.
சிங்கள வரி இருந்தது, ஆங்கில வரி இருந்தது,
நடுவில் கொழும்பின் கொம்பு கழன்று
ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்தபடி தனியே நின்றது.
மற்றதெல்லாம் பெட்டி, பெட்டி, பெட்டி,
துறைமுகத்தில் இறக்கி அடுக்கின மாதிரி.

பஸ்லியா பென்டிரைவோடு ஓடி வந்தா.
வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத்
திரையைக் கறுப்பாக்கும் விசையை அழுத்தினேன்.

ஃபோன்களில் குனிந்திருந்த முகங்கள்
அங்கொன்றும் இங்கொன்றுமாய் நிமிர்ந்தன.
மின்வெட்டு என்று நினைத்திருப்பார்கள்.

‘புளூமெண்டல் பக்கம் ஒரு தோட்டம்’ என்றேன்,
தெரிந்த சிங்களத்தில், பிறகு தமிழில்.
‘முப்பத்தாறு வீட்டுக்கு ஒரு குழாய்.
ரீத்தம்மா இப்போதுதான் வாளியை வைத்திருக்கிறா.’
வணக்கம் சொல்லவும் மறந்துபோனேன்.

பிறகு வரைபடம்.
பத்து எண்ணும் வரை வாய் திறக்கக்கூடாது
என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன்.
எட்டில் முழங்கால் நடுங்கியது.
பின்வரிசையில் ஒருவர் தன் தெருவைத் தேடுவது தெரிந்தது.

எந்தக் குழாயை முதலில் தோண்டுவது,
எவ்வளவு காசு, எத்தனை கிழமை.
வேறெதுவும் சொல்லவில்லை.
மணி அடித்தது.

‘அந்த வாளி நிரம்பப் பதினொரு நிமிடம்’ என்றேன்.
‘நான் முடித்துவிட்டேன். அவ இன்னும் நிற்கிறா.’

கைதட்டல் வரவில்லை. யாரோ இருமினார்கள்.
டிரெக்டர் கண்ணாடியைக் கழற்றினார்:
‘வாளி எத்தனை லீட்டர்?’

நாற்பத்து மூன்றிலும் அது இல்லை.

படிக்கட்டில் நின்று கோல் எடுத்தேன்.
‘அக்கா, வாளிக்கு அடியில இலக்கம் ஏதும் போட்டிருக்கோ?
ஒருக்கா கவிட்டுப் பாருங்கோவன்.’

‘ஒனக்கென்ன பைத்தியமா புள்ள’ என்றா,
‘இப்பதான் தண்ணி வருது.’